பிரெஞ்சுத் தங்க முலாம் கேண்டலாப்ரா: பழையது எது, பிற்கால நகல் எது? (கேள்வி பதில்)

ஒரு பெண்ணோ, சிறகுள்ள தேவதையோ, கொழுகொழு குழந்தைகளோ நின்றுகொண்டு கிளைகளை ஏந்தியிருப்பார்கள். ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு மெழுகுவர்த்தி. பிரான்ஸில் வெண்கலத்தில் வார்த்துத் தங்க முலாம் பூசிய, கேண்டலாப்ரா எனப்படும் இந்தக் கிளைவிளக்குகளைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். பாரிஸில் பழைய உலோகப் பொருள்களைச் சீர்செய்யும் பட்டறைகளில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால், கையில் எடுத்துப் பார்த்த அனுபவத்தை வைத்தே பதில் சொல்கிறேன். படங்கள் அனுப்பியவர்களுக்கு ஒன்று: படத்தைப் பார்த்து விலை சொல்ல மாட்டேன். இந்தப் பொருளைப் பொறுத்தவரை, அடிப்பக்கத்தைப் பார்க்காமல் சொல்லும் எந்த விலையும் சரியாக இருக்காது.

ஐயா, ‘ஆர்மொலு’ என்று ஏலக் குறிப்புகளில் போடுகிறார்கள். இது தனி உலோகமா? தங்கம் எப்படி இருநூறு வருஷம் உரியாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது? (சென்னை, கல்லூரி மாணவி)

தனி உலோகம் இல்லையம்மா. ஆங்கிலேய வியாபாரிகள் வழங்கும் பெயர் அது. பிரான்ஸில் ‘ப்ரோன்ஸ் டோரே’ என்பார்கள், அதாவது பொன் பூசிய வெண்கலம். ஆனால் உள்ளே இருப்பதும் பெரும்பாலும் நாம் சிலை வார்க்கிற வெண்கலம் அல்ல, பித்தளைக்கு நெருங்கின கலவை. ழான் பியர் ஜோசப் தார்ஸே என்ற வேதியியலாளர் 1818-இல் வெளியிட்ட முலாம் பூச்சு பற்றிய நூலில் ஓர் அளவு கொடுக்கிறார்: செம்பு 82 பங்கு, துத்தநாகம் 18, தகரம் 3, ஈயம் ஒன்றரை. இந்தக் கலவை அச்சுக்குள் நன்றாக ஓடும், உளிக்கு இணங்கும், தங்கத்தையும் அதிகம் குடிக்காது.

தங்கம் ஒட்டி நிற்பதற்குக் காரணம் பாதரசம். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய்ப் பதத்தில் ஒரு களிம்பு எடுப்பார்கள். சுத்தம் செய்த உலோகத்தின் மேல் அதைக் கம்பித் தூரிகையால் தடவி, கரி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் உலோகத்தோடு பிணைந்து நிற்கும். நல்ல வேலை என்றால் இதையே திரும்பத் திரும்பச் செய்து கனமாக ஏற்றுவார்கள். அப்புறம் சில இடங்களை அகேட் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள், சில இடங்களை மங்கலாகவே விடுவார்கள். மங்கலும் பளபளப்பும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போதுதான் உருவத்தின் தோல், துணி, இறகு எல்லாம் தனித்தனியாகத் தெரியும்.

அந்தப் பாதரச ஆவி எங்கே போனது என்றால், முலாம் பூசியவர்களின் நுரையீரலுக்குள். கை நடுக்கம், பல் விழுவது, சின்ன வயதிலேயே சாவு என்று அந்தத் தொழிலாளர்கள் பட்ட பாடு அக்காலத்து மருத்துவர்கள் எல்லோரும் அறிந்ததுதான். அந்துவான் ஆந்த்ரே ராவ்ரியோ என்ற வெண்கலப் பட்டறை முதலாளி 1814-இல் இறந்தபோது, முலாம் பூசுபவர்களை இந்த விஷத்திலிருந்து காக்க வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 பிராங்க் பரிசு என்று உயில் எழுதி வைத்தார். ஆவியை மேலே இழுத்துக்கொண்டு போகும் புகைபோக்கி உள்ள அடுப்பை வடிவமைத்து அந்தப் பரிசை வாங்கியவர் இதே தார்ஸேதான். இந்த விளக்குகளின் அழகைப் பற்றிப் பேசும் யாரும் அந்தத் தொழிலாளர்களைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் எண்ணம். அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

சார், இவற்றை யார் செய்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என்னிடம் உள்ளதில் ஒரு கையெழுத்தும் இல்லை. அப்படியானால் நகல்தானா? (கோயம்புத்தூர்)

இல்லை. 18-ஆம் நூற்றாண்டுப் பொருள் என்றால் கையெழுத்து இல்லாமல் இருப்பதுதான் வழக்கம். மரச்சாமான் செய்த ஆசாரிகள் தங்கள் முத்திரையைக் குத்த வேண்டும் என்று பாரிஸில் விதி இருந்தது. வெண்கல வேலைக்காரர்களுக்கு அப்படி இல்லை. காஃபியேரி, சேன்-ஜெர்மேன் போலச் சிலர் தாங்களாகவே பெயர் பொறித்ததுண்டு. அவர்கள் விதிவிலக்கு.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கேண்டலாப்ரா ஒருவர் கையில் உருவானதே இல்லை. சிற்பி களிமண்ணிலோ மெழுகிலோ மாதிரி செய்வார். வார்ப்பவர் மணல் அச்சில் துண்டு துண்டாக வார்ப்பார். உளி வேலைக்காரர் ஒவ்வொரு துண்டையும் செதுக்கி உயிர் கொடுப்பார். முலாம்காரர் பொன் பூசுவார். எல்லோரையும் கட்டி மேய்த்து, பணக்கார வாடிக்கையாளரிடம் விற்றது ஒரு வியாபாரி. இதில் யார் பெயரைப் போடுவது? செலவுக் கணக்கு உள்ள பழைய ரசீதுகளில் உளி வேலைக்கும் முலாமுக்கும்தான் பெரிய தொகை போகிறது. வார்ப்புக்கூலி அதைவிடக் குறைவு.

பெயர் தெரிந்தவர்களில் பியர் கூத்தியேர் (1732–1813) முதல் ஆள். தங்கத்தை மங்கலாக விடும் நுட்பத்தோடு அவர் பெயரைச் சேர்த்தே சொல்வார்கள். தோமோன் பிரபு இறந்த பிறகு 1782-இல் அவருடைய சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோது, ஏலப் பட்டியலில் கூத்தியேரின் வேலைகளுக்கு நேரே ‘ஜி’ என்ற எழுத்தைத் தனியாகப் போட்டிருந்தார்கள். ஒரு முலாம்காரரின் பெயருக்காகவே விலை ஏறும் என்பது அப்போதே வியாபாரிகளுக்குத் தெரிந்திருந்தது. 16-ஆம் லூயி மன்னரும் அவர் அரசி மரி அந்துவானெத்தும் அந்த ஏலத்தில் வாங்கினார்கள். அவ்வளவு புகழ் இருந்தும் கூத்தியேர் 1787-இல் திவாலானார். 15-ஆம் லூயி மன்னரின் காதலியாக இருந்த மதாம் து பாரி அவருக்குத் தர வேண்டிய பெருந்தொகை கடைசிவரை முழுதாக வரவில்லை. 1793-இல் பிரெஞ்சுப் புரட்சியின்போது அந்த அம்மையாரின் தலையே போய்விட்டது. கூத்தியேர் வறுமையில் இறந்தார். 2016-இல் நியூயார்க்கின் ஃப்ரிக் அருங்காட்சியகம் அவருக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியபோதுதான் பலருக்கு இந்தக் கதை தெரியவந்தது.

அவருக்கு அடுத்த தலைமுறையில் பியர்-பிலிப் தோமீர் (1751–1843). புரட்சிக்கு முன்பு அரசருக்கும், பின்பு நெப்போலியனுக்கும் வேலை செய்தவர். 1804-இல் லினியெரோ என்ற வியாபாரியின் தொழிலை வாங்கிப் பல நூறு தொழிலாளர்கள் உள்ள நிறுவனமாக வளர்த்தார். பிரான்சுவா ரேமோன், கிளோத் கால் ஆகிய இருவரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உருவம் தாங்கிய கேண்டலாப்ரா என்றால் இந்தப் பெயர்கள் அடிக்கடி வரும்.

உருவத்தைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிட முடியுமா அண்ணா? (மதுரை)

எந்தக் காலத்துப் *பாணி* என்று சொல்லலாம் தம்பி. எப்போது செய்தது என்று சொல்ல முடியாது.

15-ஆம் லூயி காலத்துக் கிளைகள் கொடி போல நெளியும், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல இராது. 16-ஆம் லூயி காலத்தில் ஒழுங்கு வந்துவிடும்: கிரேக்கத் துணி உடுத்திய பெண்கள், திராட்சைக் கொடி சூடிய, மதுக் கடவுள் பாக்கஸின் கூட்டத்தார், ஆட்டுக்கால் உள்ள சாட்டிர்கள், வெள்ளைச் சலவைக்கல் பீடம். இக்காலத்து உருவங்களில் லூயி-சிமோன் ப்வாசோவின் மாதிரிகளைப் பின்பற்றியவை நிறைய. செவ்ர் பீங்கான் ஆலையின் சிற்பப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் அவர். நெப்போலியன் காலத்தில் எல்லாம் விறைப்பாக நிமிர்ந்துவிடும். உருண்டையின் மேல் கால் நுனி ஊன்றி நிற்கும் சிறகுள்ள வெற்றித் தேவதை, எகிப்தியப் பெண்கள், கறுப்பு நிறமேற்றிய உடலோடு பொன் கிளைகள்.

ஆனால் இந்த மூன்று பாணிகளையும் 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அப்படியே திரும்பச் செய்தார்கள். மூன்றாம் நெப்போலியனின் அரசி யூஜெனிக்கு மரி அந்துவானெத் மேல் பெரிய ஈடுபாடு. அவர் அரண்மனையில் 16-ஆம் லூயி பாணி மறுபடி தலையெடுத்தது, ஊரும் பின்தொடர்ந்தது. இன்று சந்தைக்கு வரும் ‘16-ஆம் லூயி’ கேண்டலாப்ராக்களில் ஆகப் பெரும்பகுதி 1850-க்கும் 1914-க்கும் நடுவில் செய்தவை என்று நினைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்குவது நல்லது. ஏலக் குறிப்பில் ‘16-ஆம் லூயி’ என்று மட்டும் இருந்தால் அந்த மன்னர் காலத்தது என்று உரிமை கோருகிறார்கள். ‘16-ஆம் லூயி பாணி’ என்று இருந்தால் பிற்காலத்தது. இதைக் கவனிக்காமல் ஏலம் கேட்டு மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

வணக்கம் ஐயா. தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு ஜோடி இருக்கிறது. பெண்ணும் சாட்டிரும் ஆளுக்கு மூன்று கிளை ஏந்தியிருக்கிறார்கள். பீடத்தில் ‘க்ளோதியோன்’ என்று பொறித்திருக்கிறது. அவர் 1814-இல் இறந்தவர் என்று படித்தேன். அப்படியானால் 1814-க்கு முந்தையதுதானே? (புதுச்சேரி)

அப்படிச் சொல்ல முடியாது ஐயா. இதை நிறையப் பேர் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

க்ளோதியோன் என்று அறியப்பட்ட கிளோத் மிஷேல் முக்கியமாகச் சுடுமண் சிற்பி. பாக்கஸ் கூட்டத்துப் பெண்களையும் சாட்டிர்களையும் துள்ளலோடு செய்தவர். அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, அவருடைய உருவங்களையும் அவர் பாணியில் புதிதாகச் செய்த உருவங்களையும் பாரிஸ் வார்ப்பகங்கள் ஆயிரக்கணக்கில் வெண்கலத்தில் வார்த்தன. பீடத்தில் அவர் பெயரையும் பொறித்தன. இதில் ஏமாற்று நோக்கம் இருந்தது என்றுகூடச் சொல்ல மாட்டேன். இந்த உருவம் யாருடைய கற்பனை என்று சொல்லும் குறிப்பு அது. வாங்கியவர்களுக்கும் அது தெரியும். இன்று அதைத் தேதியாக எடுத்துக்கொள்வதுதான் பிரச்சினை.

நீங்கள் செய்ய வேண்டியது: ஜோடியைத் தலைகீழாக ஒரு தடித்த துணி மேல் படுக்க வையுங்கள். உள்ளே ஓடும் தண்டையும் மரைகளையும் பாருங்கள். மரை எல்லாம் ஒரே சீராக, இயந்திரத்தில் வெட்டியதுபோல இருந்து, ஒரு கிளையின் திருகாணி இன்னொரு கிளைக்கும் சரியாகப் பொருந்தினால் அது தொழிற்சாலைக் காலத்து வேலை. பழைய வேலையில் ஒவ்வொரு திருகாணியும் அதனதன் துளைக்கு மட்டுமே பொருந்தும். அதனால்தான் எந்தக் கிளை எந்தத் துளைக்கு என்று நினைவு வைக்க, சேரும் இடங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடோ புள்ளியோ வெட்டியிருப்பார்கள். அந்தக் குறிகள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். குறிகள் மட்டுமே நிரூபணம் ஆகாது, பின்னால் வந்த நல்ல பட்டறைகளும் குறி போட்டன. ஆனால் மேலே பார்க்கலாம் என்ற நம்பிக்கை வரும்.

‘சி’ எழுத்தின் மேல் சின்ன மகுடம் குத்தியிருந்தால் கண்டிப்பாகப் பழையது என்கிறார்கள். உண்மையா? (திருச்சி)

அசல் முத்திரையாக இருந்தால் உண்மை. செம்பு கலந்த உலோகப் பொருள்கள் மேல் பிரான்ஸில் போட்ட வரிக்கான முத்திரை அது. 1745 மார்ச் முதல் 1749 பிப்ரவரி வரை மட்டுமே இருந்தது. அப்போது புதிதாகச் செய்ததிலும் குத்தினார்கள், அந்த நாட்களில் கைமாறிய பழைய பொருளிலும் குத்தினார்கள். ஆக, 1749-க்குப் பிந்தையது இல்லை என்று மட்டும் சொல்லும். ஆனால் முத்திரை உள்ள ஒரு பொருளின் மேல் அச்சு எடுத்து வார்த்தால் முத்திரையும் சேர்ந்தே வார்ப்பில் வந்துவிடும். உருப்பெருக்கியில் பாருங்கள். குத்திய முத்திரையின் ஓரம் கூர்மையாக இருக்கும். வார்ப்பில் வந்ததன் ஓரம் மழுங்கி, அடியில் மணல் பொருக்கு தெரியும்.

மேல் அச்சு எடுத்த நகல் என்றீர்களே, அதை வேறு எப்படிக் கண்டுபிடிப்பது? (அதே திருச்சி வாசகர்)

அளவை வைத்து. உருகிய உலோகம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்கு சுருங்கும். அசலின் மேலேயே அச்சு எடுத்து வார்த்தால் 40 சென்டிமீட்டர் உருவம் சுமார் அரை சென்டிமீட்டர் குட்டையாக வரும். அருங்காட்சியகம் வெளியிட்ட அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இன்னொன்று, விவரங்கள் உருகிப்போனதுபோல இருக்கும். விரல்களுக்கு நடுவில், முடிச் சுருளின் உள்பக்கம், துணி மடிப்பின் ஆழம் ஆகிய இடங்களைப் பாருங்கள். அங்கே உளி புகுந்திருக்கிறதா? புகுந்திருந்தால் ஒரு மனிதர் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார். இல்லையென்றால் அச்சிலிருந்து எடுத்ததும் முலாம் பூசி அனுப்பிவிட்டார்கள்.

நான் ஒரு கேண்டலாப்ராவைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது இந்த இடங்களைத்தான். கையெழுத்தையும் முத்திரையையும் கடைசியில்தான் பார்ப்பேன்.

மின்முலாமா, பாதரச முலாமா என்று கண்ணால் சொல்ல முடியுமா? (யாழ்ப்பாணம்)

பழகினால் ஓரளவு முடியும். மின்சாரத்தால் பொன் பூசும் முறைக்கு எல்கிங்டன் இங்கிலாந்திலும் ருவோல்ஸ் பிரான்ஸிலும் 1840-ஐ ஒட்டிக் காப்புரிமை எடுத்தார்கள். 1842-இல் கிறிஸ்தோஃப்ல் நிறுவனம் பிரான்ஸில் உரிமையை வாங்கியது. அதன் பிறகு மலிவான முலாம் பெருகியது.

மின்முலாம் மெல்லியது. முன்னும் பின்னும் உள்ளும் ஒரே சீராகப் படிந்திருக்கும், நிறமும் ஒரே மாதிரி. மூக்கு, முழங்கால், மார்பு என்று துருத்திய இடங்களில் சீக்கிரம் தேய்ந்து கீழே உள்ள பித்தளை தெரியும். பாதரச முலாமில் ஆழமும் மென்மையும் உண்டு. பணத்தை மிச்சம் பிடிக்க, கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தை அப்படியே விட்டிருப்பார்கள். முன்பக்கத்திலிருந்து வழிந்த பொன் பின்பக்க ஓரத்தில் திட்டுத் திட்டாக நிற்கும். அந்த வழிசலைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, 18-ஆம் நூற்றாண்டிலேயே ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாக, பொன் பூசாமல் பொன்னிற வார்னிஷ் மட்டும் அடித்து விற்ற வெண்கலமும் உண்டு. அதனால் பொன் இல்லை என்பதற்காகவே ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டு, அசல் பழைய பொருள் பலவற்றுக்கு 19-ஆம் நூற்றாண்டில் மறுமுலாம் பூசியிருக்கிறார்கள். உடல் பழையதாகவும் தோல் புதியதாகவும் இருக்கலாம்.

எக்ஸ்ஆர்எஃப் கருவியில் சோதித்தால் சந்தேகமே தீர்ந்துவிடுமே சார்? (பெங்களூரு, உலோகவியல் பொறியாளர்)

உதவும், தீர்ந்துவிடாது. பொருளைச் சேதப்படுத்தாமல் எக்ஸ் கதிர் பாய்ச்சி எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் கருவி அது என்பது உங்களுக்கே தெரியும். பாதரசம் தெரிந்தால் அது நெருப்பு முலாம், அதாவது நான் சொன்ன பாதரச முலாம், என்பதற்கு வலுவான அடையாளம். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் பாரிஸின் சிறந்த பட்டறைகள் நெருப்பு முலாமை விடவில்லை. ஆகவே பாதரசம் இருப்பது மட்டும் 1780-ஐ நிரூபிக்காது.

உடல் உலோகம் இன்னும் நன்றாகப் பேசும். பழைய முறையில் துத்தநாகக் கனிமத்தையும் செம்பையும் கரியோடு சேர்த்துச் சுட்டுப் பித்தளை எடுத்தார்கள். அந்த முறையில் துத்தநாகம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை, பெரும்பாலும் அதற்கும் கீழேதான். அதற்கு மேல் காட்டினால், தனி உலோகமாக எடுத்த துத்தநாகத்தைக் கலந்த பிற்கால வார்ப்பு. அப்புறம் ஆர்செனிக், ஆன்டிமனி, வெள்ளி போன்ற அழுக்குகள். பழைய செம்பில் அவை கொஞ்சமாவது இருக்கும். மின்பகுப்பில் சுத்தம் செய்த செம்பு வந்த பிறகு அவை ஏறக்குறைய மறைந்துவிடும். மிகச் சுத்தமான செம்பு தெரிந்தால் 19-ஆம் நூற்றாண்டின் பின்பகுதிக்கு முன்னால் கொண்டுபோகாதீர்கள். ஒரே இடத்தில் சோதிக்காமல் உருவம், கிளை, வர்த்தி நிறுத்தும் குவளை, பீடம் என்று தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். நாலு பாகமும் நாலு விதமாக வந்தால், வேறு வேறு விளக்குகளிலிருந்து ஒட்டுப்போட்டது.

நகல் என்றாலே மட்டமா? (சிங்கப்பூர்)

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். இல்லவே இல்லை.

புரட்சி அரசு வெர்சாய் அரண்மனைச் சாமான்களை 1793 ஆகஸ்டில் ஏலம் விடத் தொடங்கியது. ஒரு வருஷம் நடந்த அந்த விற்பனையில் 17,000-க்கும் மேற்பட்ட உருப்படிகள் போயின. அடுத்த நூற்றாண்டில் பணம் சேர்த்தவர்கள் அந்த அழகைத் தேடியபோது அசல்கள் போதவில்லை. அப்போது எழுந்த பட்டறைகள், அசலைப் பக்கத்தில் வைத்துப் படித்துச் செய்தவை. ஹாங்ரி தாஸோன் (1825–1896) 15-ஆம் லூயியின் புகழ்பெற்ற எழுதுமேசையை மறுபடி செய்து 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைத்தார். தன் வெண்கலங்களில் பெயரும் வருஷமும் பொறிப்பது அவர் வழக்கம். இது நேர்மையான வழக்கம். மூன்று தலைமுறையாக நடந்த பொர்தெலே பட்டறை 1895-இல் மூடியது. அவர்கள் வெண்கலத்தின் உள்பக்கம் ‘பி’, ‘ஒய்’ என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். அவர்களுடைய உளி வேலையை 18-ஆம் நூற்றாண்டு வேலையோடு வைத்துப் பார்த்தால் தேர்ந்த கண்களும் தடுமாறும். பிரான்சுவா லிங்க் 1900 கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றவர். அவர் நகலோடு நிற்கவில்லை, பழைய பாணியிலிருந்து புதிதாகவே கற்பனை செய்தார்.

ஃபெர்டினாண்ட் பார்பெதியேன் வேறு வழி. அஷீல் கோலாஸ் ஒரு சிற்பத்தை அளவு பிசகாமல் சிறிதாக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்திருந்தார். இருவரும் 1838-இல் கூட்டுச் சேர்ந்தார்கள். அருங்காட்சியகச் சிலைகள் நடுத்தரக் குடும்பத்தின் கணப்பு மாடம் வரை வந்தது அதனால்தான். கோலாஸின் வட்ட முத்திரையும் பார்பெதியேன் பெயரும் இருந்தால், ஒழுங்கான வார்ப்பு என்று நம்பி வாங்கலாம். பெயர் போட்டு ஏமாற்றும் போலியும் உண்டு என்பதால், நான் முன்னே சொன்ன விரலிடுக்குச் சோதனையை அங்கேயும் செய்யுங்கள்.

பெயர் இல்லாத, உளி படாத ஓர் அசல் 18-ஆம் நூற்றாண்டுச் சாதாரண விளக்குக்கும், தாஸோன் கையெழுத்திட்ட ஒரு நகலுக்கும் நடுவில் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் யோசிக்காமல் தாஸோனை எடுப்பேன். ஏலச் சந்தையிலும் இந்தப் பட்டறைகளின் பொருள்கள் நல்ல விலைக்கே போகின்றன.

காரைக்குடிக் கடையில் ஒரு செட் பார்த்தேன். நடுவில் கடிகாரம், இரண்டு பக்கமும் பெண் உருவம் தாங்கிய விளக்கு. தூக்கினால் எடை குறைவாக இருக்கிறது. பொன்னிறம் அங்கங்கே பழுப்பேறியிருக்கிறது. என்னவாக இருக்கும் அக்கா? (தேவகோட்டை)

அக்கா இல்லை தம்பி, அண்ணன்தான்! கடிகாரத்தோடு ஜோடி விளக்கு என்பது கணப்பு மாடத்தின் மேல் வைப்பதற்காக 19-ஆம் நூற்றாண்டில் ஏராளமாகச் செய்த செட். செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலும் 20-இன் தொடக்கத்திலும் எழுந்தவை. ஐரோப்பாவில் அன்று கடையில் கிடைத்த புதுச் சரக்குதான் கப்பலேறி வந்திருக்கும். அதனால் அங்கே அரசர் காலத்துப் பொருளை எதிர்பார்க்க வேண்டாம், 1870–1930 சரக்கை எதிர்பார்க்கலாம்.

நீங்கள் சொல்வது துத்தநாக வார்ப்பு போலத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் ஸ்பெல்டர், பிரெஞ்சில் ரெகுல். 420 டிகிரிக்குள் உருகிவிடும் என்பதால் உலோக அச்சிலேயே வேகமாக வார்க்கலாம். வெண்கலத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு சூடு வேண்டும். துத்தநாகச் சுவர் மெல்லியது, உடையக்கூடியது, தட்டினால் மணிபோல ஒலிக்காமல் ‘டொக்’ என்று நிற்கும். அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஊசி முனையால் லேசாகக் கீறுங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை அல்லது வெண்கலம், வெள்ளி போன்ற சாம்பல் தெரிந்தால் துத்தநாகம். காந்தம் இரண்டிலும் ஒட்டாது, அதனால் காந்தச் சோதனை பயன்படாது. பழுப்பேறியது பொன் அல்ல. பித்தளைத் தூள் கலந்த பெயின்ட். தங்கம் பழுப்பேறாது.

அழகாக இருந்தால் வாங்குங்கள், வெண்கல விலை கொடுக்காதீர்கள்.

நம் வீட்டுப் பித்தளை விளக்குபோலப் புளி போட்டுத் தேய்க்கலாமா? (கும்பகோணம், இல்லத்தரசி)

வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். புளி, எலுமிச்சை, பாலிஷ் பொடி, அம்மோனியா கலந்த பித்தளை திரவம் எதுவும் கூடாது. பொன் கறுப்பதில்லை. பொன்னின் நுண் துளைகள் வழியாகக் கீழே உள்ள செம்புதான் கறுத்தும் பச்சை பூத்தும் வெளியே வருகிறது. புளியின் அமிலம் அந்தத் துளைகளுக்குள் இறங்கி உள்ளிருந்தே அரிக்கும். தேய்ப்பதோ அதைவிட மோசம். மங்கலாக விட்ட இடத்தை ஒருமுறை தேய்த்தாலே பளபளத்துவிடும், திரும்ப மங்கலாக்க முடியாது.

மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள். அழுக்கு பிசுபிசுப்பாக இருந்தால், வாலை வடிநீரில் வாசனையில்லாத மென்சோப்பு ஒரு சொட்டு கலந்து, பஞ்சை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுத்து, பிறகு வெறும் நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி, உடனே உலர்த்துங்கள். சலவைக்கல் பீடத்தில் நீர் இறங்க விடாதீர்கள். ஒட்டிய மெழுகைக் கத்தியால் சுரண்டாமல், முடி உலர்த்தும் கருவியின் மிதமான சூட்டில் இளக்கித் துணியால் எடுங்கள். கறுத்த உடல் உள்ள உருவம் என்றால் அந்தக் கறுப்பு அழுக்கல்ல, வேண்டுமென்றே ஏற்றிய நிறம். அதை ‘சுத்தம்’ செய்து பித்தளையாக்கிக் கொண்டுவந்த பொருள்களைப் பட்டறையில் பார்க்கும்போது மனசு வலிக்கும்.

மின்விளக்காக மாற்றிய ஜோடியை வாங்கலாமா? (டொரண்டோ)

வாங்கலாம், எப்படி மாற்றினார்கள் என்று பார்த்துவிட்டு. வயர் கிளையின் வெளியே சுற்றி ஓடி, குவளைக்குள் ஒரு பல்பு மட்டும் செருகியிருந்தால் பாதிப்பு இல்லை, கழற்றிவிடலாம். குவளையின் அடியைத் துளைத்திருந்தால் விலை குறையும். கிளையே உள்ளே குழாய்போலக் கூடாக வார்த்திருந்தால், அது வாயுவுக்கோ மின்சாரத்துக்கோ என்றே பிறந்த பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். மெழுகுவர்த்திக் காலத்துக் கிளை கெட்டியாக இருக்கும். ‘மேட் இன் பிரான்ஸ்’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்கா 1890-இல் கொண்டுவந்த சுங்கச் சட்டத்துக்குப் பிறகுதான் நாட்டின் பெயரை ஏற்றுமதிச் சரக்கில் போடும் வழக்கம் பரவியது. ‘ப்ரெவெத்தாத்தோ’ (காப்புரிமை பெற்றது) என்று கண்டால் 20-ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பித்தளை.

என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஜோடி தேடிப் பிடித்துச் சேர்த்தால் மதிப்பு கூடுமா? (சேலம்)

பெரும்பாலும் கூடாது. அசல் ஜோடியில் இரண்டு உருவங்களும் ஒன்றையொன்று பார்ப்பதுபோலத் திரும்பியிருக்கும், ஒன்று இடக்கையை உயர்த்தினால் மற்றது வலக்கையை. இரண்டும் ஒரே பக்கம் திரும்பியிருந்தால் வேறு வேறு ஜோடிகளிலிருந்து வந்தவையா என்று கேட்க வேண்டும். ஒற்றையை ஒற்றையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா வைத்துப்போன ஜோடியை லண்டனில் இருக்கும் தம்பிக்கு அனுப்ப நினைக்கிறேன். வெளிநாட்டுப் பொருள்தானே, தடை ஏதும் உண்டா சார்? (புதுச்சேரி, மற்றொருவர்)

அப்படியே பார்சல் போட்டுவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத கலைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பிரான்ஸில் செய்தது என்பதற்காகச் சுங்கத்தில் விட்டுவிடுவார்கள் என்று நம்பி இறங்க வேண்டாம். இந்தியத் தொல்லியல் துறையின் நிபுணர் குழுவிடம் பொருளையும் படங்களையும் காட்டுங்கள். தொல்பொருள் அல்ல என்று அவர்கள் முடிவு செய்தால் அதற்குச் சான்றிதழ் தருவார்கள். அந்தத் தாள் கையில் வந்த பிறகு அனுப்புங்கள். அனுப்பும்போது கிளைகளைக் கழற்றி, ஒவ்வொன்றும் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று சீட்டு எழுதிக் கட்டி, தனித்தனியாகச் சுற்றுங்கள். பீடத்துச் சலவைக்கல்லை உலோகத்தோடு சேர்த்துக் கட்டாதீர்கள், வழியில் உடைவது முதலில் அதுதான்.